யாழ்ப்பாணக் குடாநாட்டில் பார்த்தீனியக் களை: பரவலும் கட்டுப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் வட பகுதியில் பரவியுள்ள பார்த்தீனியம், பயிர்த்தொழிலுக்கும் மக்கள் நலத்திற்கும் கேடு விளைவிக்கும் அயல்நாட்டுக் களையாகும். அதன் வாழ்க்கைச் சுழற்சியையும் பரவும் வழிகளையும் விளக்கி, பிற இடங்களில் கையாளப்படும் ஒழிப்பு முறைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்திற்கும் நீருக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பார்த்தீனியம், அயல் களை, யாழ்ப்பாணம், நிலத்தடி நீர், கட்டுப்பாடு.

முன்னுரை

பார்த்தீனியம் ஹிஸ்டரோஃபோரஸ் என்னும் இச்செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்தது. வெப்பமண்டல அமெரிக்கா இதன் தாயகம். தமிழகத்தில் இதனைக் ‘காங்கிரஸ் புல்’ என்றும் வழங்குவர். ஆயினும் இது புல்வகை அன்று; ஓராண்டு வாழும் பூண்டுச் செடியே. பூக்காத இளஞ்செடியின் பிளவுபட்ட இலைகள் கேரட் இலையை ஒத்திருப்பதால், தொடக்க நிலையில் பலர் இதனை இனங்காணத் தவறுகின்றனர்.

தீவை வந்தடைந்த வழி

இக்களையின் நெடும்பயணங்கள் பெரும்பாலும் மனிதரின் போக்குவரத்தோடு தொடர்புடையவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரங்களோடு இது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டு புனேயில் கண்டறியப்பட்டபோது, இறக்குமதியான தானியத்தோடு வந்தது என்னும் கருத்து எழுந்தது. இலங்கைக்கு 1987ஆம் ஆண்டிற்குப் பின்னர், இந்திய அமைதிப் படையின் உணவுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளின் வழியே வந்தது என்பது பரவலான கருத்தாகும். 1999ஆம் ஆண்டு வவுனியாவில் இதன் பரவல் பதிவுசெய்யப்பட்டது. போரினால் மக்கள் இடம்பெயர்ந்தமையால் உழவின்றிக் கிடந்த நிலங்கள், வெறுநிலத்தில் விரைந்து பெருகும் இக்களைக்கு இடமளித்தன.

வாழ்க்கைச் சுழற்சி

மண்ணில் ஈரம் இருப்பின் பார்த்தீனியம் எந்தப் பருவத்திலும் முளைக்கும். முளைத்த 4 முதல் 6 வாரங்களுக்குள் பூக்கத் தொடங்கும். ஒவ்வொரு சிறு பூந்தலையிலும் பொதுவாக 5 விதைகள் உருவாகும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும். மண்ணுள் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் முளைப்புத்திறனோடு இருக்கும். காற்று, நீர், வாகனச் சக்கரத்தில் ஒட்டிய சேறு, வைக்கோல், கால்நடைச் சாணம் ஆகியவற்றின் வழியே அவை பரவும்.

இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் அண்டையிலுள்ள பிற செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கும். மனிதரிடம் ஒவ்வாமைத் தோலழற்சியை உண்டாக்குவதும் இதுவே. இச்செடியின் மகரந்தம் மூக்கழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் காரணமாகிறது. இச்செடியைத் தின்ற கால்நடைகளின் பால் கசக்கும். வெறுங்கையால் களை பறிக்கும் பெண் தொழிலாளர்கள் இதனால் நேரடியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

குடாநாட்டின் தனிநிலை

மழையை நம்பிய நிலங்களில் வறட்சிக் காலத்தில் இக்களையின் பெருக்கம் ஓரளவு தணியும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை முதலிய பயிர்கள் கிணற்று நீர் பாய்ச்சி விளைவிக்கப்படுகின்றன. கோடையிலும் ஈரமாயிருக்கும் தோட்ட நிலத்தில் ஒரே ஆண்டில் பல தலைமுறைச் செடிகள் தோன்ற இயலும். தோட்டங்களுக்கு வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்படும் எரு புதிய விதைகளைச் சேர்க்கக்கூடும்.

ஒழிப்பு முறைகளின் பொருத்தப்பாடு

தமிழகத்தில் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் சமையல் உப்புக் கரைசலைத் தெளிக்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. குடாநாட்டிற்கு இம்முறை ஏற்புடையதன்று. இங்குக் குடிநீருக்கும் பாசனத்திற்கும் சுண்ணாம்புப் பாறைகளில் தேங்கும் நிலத்தடி நீரே முதன்மை ஆதாரம். கடல்நீர் ஊடுருவலால் கிணறுகள் உவராகி வரும் நிலத்தில் உப்பை மேலும் சேர்ப்பது, ஒரு கேட்டை நீக்க மற்றொன்றை வரவழைப்பதாகும். பாறைப் பிளவுகளின் வழியே நீர் விரைந்து இறங்குவதால் இரசாயனக் களைக்கொல்லிகளையும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டு முதல் களத்தில் விடப்பட்ட சைகோகிராமா பைகலரேட்டா என்னும் மெக்சிகோ வண்டு இச்செடியின் இலைகளை உண்டு அழிக்கிறது. எனினும் வறண்ட மாதங்களில் இவ்வண்டு மண்ணுள் உறங்குநிலையில் இருக்கும். எனவே கோடையிலும் நீர் பாயும் தோட்டங்களில் இதனை மட்டும் நம்புவது போதாது. தகரை போன்ற போட்டிச் செடிகளைப் பயிரிடாத ஓரங்களில் வளர்ப்பது துணைசெய்யும்.

இந்நிலையில் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குவதே குடாநாட்டிற்கு மிகவும் ஏற்ற முறையாகும். தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய நான்கு வாரங்களுக்குள் முதல் களையெடுப்பையும், தோட்டங்களில் ஒவ்வொரு மாதமும் தொடர் களையெடுப்பையும் மேற்கொள்ளுதல் வேண்டும். பிடுங்குவோர்க்குக் கையுறையும் முகக்கவசமும் இன்றியமையாதவை. பூக்காத செடிகளை மட்கச் செய்து உரமாக்கலாம். பூத்தவற்றை எருக்குழியில் இட்டால் விதைகள் மீண்டும் தோட்டத்தையே சேரும். குடாநாட்டிற்கான தரைவழிகள் ஆனையிறவு, சங்குப்பிட்டி எனச் சிலவே ஆதலால், எருவும் வைக்கோலும் ஏற்றிவரும் வாகனங்களைச் சோதிப்பதும் இயலக்கூடியதே.

முடிவுரை

வடமாகாணத்தில் பார்த்தீனிய ஒழிப்பு இயக்கங்கள் நடத்தப்பட்டுள்ளன. ஆயினும் மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும் விதைகளை ஒருநாள் இயக்கத்தால் வெல்ல இயலாது. ஒரு தோட்டம் தூய்மையாகி, அதன் வேலிக்கு அப்பாலுள்ள தரிசில் செடிகள் பூத்து நின்றால் உழைப்பு வீணாகும். ஆகவே களையெடுப்பின் கால அளவையும், உரிமையாளர் ஊரில் இல்லாத நிலங்களுக்கான பொறுப்பையும் ஊர்தோறும் வரையறுத்துக்கொள்வதே நிலையான தீர்வுக்கு வழியாகும். நிலத்தடி நீருக்கு ஊறு நேராமல் களையை நீக்குவதே குடாநாட்டிற்கு ஏற்ற ஒழிப்பு முறைக்கான அளவுகோலாக அமைதல் வேண்டும்.