மொட்டைமாடி வால்வை இறுக்காதீர்கள்

சமையலறைக் குழாயில் வாஷர் போய்விட்டது. மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்த வேண்டும். மொட்டைமாடிக்குப் போய், தொட்டியடியில் இருக்கும் வால்வைத் திருகுகிறோம். வால்வின் தலை சுற்றி ஓரிடத்தில் நின்றும் விடுகிறது. கீழே வந்து பார்த்தால் குழாயில் சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. பழைய வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. மூடிய வால்வு ஏன் மூடவில்லை என்று நாம் நிதானமாகப் பார்ப்போம்.

வட்டத் தலை வைத்த அந்தப் பித்தளைச் சாமானைக் கடையில் கேட் வால்வு என்பார்கள். உள்ளே ஆப்பு வடிவில் ஓர் உலோகத் தகடு. தலையைத் திருகினால், மரை போட்ட ஒரு தண்டு அந்தத் தகட்டை ஏற்றும், இறக்கும். தண்டுக்குப் பெயர் ஸ்பிண்டில். ஏரி மதகில் பலகையை இறக்குகிற அதே வேலைதான். பலகை இறங்கும் பள்ளத்தில் சேறும் கல்லும் கிடந்தால் அது அடிவரை போகாது. கீற்று வழியே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வால்வுக்குள்ளும் தகடு உட்கார ஒரு பள்ளம் உண்டு. தொட்டியின் மண்டி, போர்த் தண்ணீரின் உப்பு, ஜி.ஐ. பைப்பின் துரு எல்லாம் வந்து இறுகுவது அங்கேதான்.

இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறோம். நிற்கவில்லையா, இன்னும் இறுக்கு என்கிறது கை. குழாயைத் திருகித் திருகி வந்த பழக்கம் அது. குழாயில் ரப்பர் வாஷர் இருக்கிறது. இறுக்கினால் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். பழைய கேட் வால்வில் ரப்பர் கிடையாது, உலோகத்தின் மேல் உலோகம்தான் உட்காருகிறது. அதோடு, அங்கே பலத்துக்குத் தேவையே இல்லை. 1 அங்குலக் குழாயின் வாய் சுமார் 5 சதுர சென்டிமீட்டர். தொட்டியில் 1 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அந்த வாயில் விழும் எடை வெறும் அரைக் கிலோ. அதை நிறுத்த உடம்பைப் போட்டுத் திருக வேண்டியதில்லை. நாம் கூடுதலாகக் கொடுக்கும் விசையெல்லாம் ஸ்பிண்டிலின் மரையில்தான் போய் விழுகிறது. பல வருடம் தண்ணீரில் கிடந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போயிருக்கலாம். அப்படிப்பட்ட உலோகம் சட்டென்று முறியும். முறிந்தால் தகடு அடியிலேயே விழுந்து கிடக்கும், தலை மட்டும் சும்மா சுற்றும், வீடு முழுக்கத் தண்ணீர் வராது. பைப்பில் அடைப்பு என்று நினைத்துச் சுவரை உடைத்தவர்கள்கூட உண்டு.

இறுக்குவதை விட்டு, கழுவிப் பார்க்கலாம். வீட்டில் தாழ்வாக இருக்கும் தோட்டத்துக் குழாயை முழுதாகத் திறந்து விடுங்கள். வால்வைக் கை பலத்துக்கு மட்டும் மூடி, ஒரு நிமிடம் விடுங்கள். இடுக்கு குறுகும்போது தண்ணீர் வேகமெடுத்துப் பள்ளத்தை அரித்துக்கொண்டு போகும். திறந்து, மறுபடி மூடுங்கள். நாலைந்து தடவை செய்தால் கீழே வாளியில் செம்பழுப்புத் தண்ணீரோடு நகக்கண் அளவு உப்புச் செதில்கள் விழும். ஒவ்வொரு முறையும் தலை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்குவது கைக்கே தெரியும். பாதி வால்வுகள் இதிலேயே பிழைத்துவிடும் என்பது என் எண்ணம்.

தலை அசையவே மாட்டேன் என்றால், ஸ்பிண்டில் வெளியே வரும் கழுத்தில் இருக்கும் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டுத் திருகிப் பாருங்கள். கழுத்தில் தண்ணீர் கசிந்தால் அதே நட்டைக் கால் சுற்று இறுக்கினால் போதும். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் உள்ளே சுற்றியிருக்கும் நூல் தேய்ந்துவிட்டது. தொட்டியைக் காலி செய்துவிட்டு டெஃப்லான் நூல் சுற்றிக்கொள்ளலாம். மிகப் பழைய வால்வில் அது ஆஸ்பெஸ்டாஸ் கயிறாக இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் நோண்டாமல் நனைத்தே எடுங்கள்.

ஸ்பிண்டில் சும்மா சுற்றினாலோ, வால்வின் உடம்பில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும். மறுபடி கேட் வால்வே போடுவதானால் ஐ.எஸ். 778 என்ற எண் பொறித்ததாகக் கேளுங்கள். நான் போடச் சொல்வது பித்தளை பால் வால்வு. உள்ளே துளையிட்ட ஓர் உலோக உருண்டை. கைப்பிடி கால் சுற்றுத்தான் திரும்பும். பைப்போடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பாதி திறந்து வைக்கும் வழக்கம் மட்டும் இரண்டுக்குமே ஆகாது.

பிளம்பர் பழைய வால்வைக் கழற்றும்போது இரண்டு பைப் ரிஞ்ச் வேண்டும்: ஒன்று பைப்பை அசையாமல் பிடிக்க, இன்னொன்று வால்வைத் திருக. ஒன்றை மட்டும் போட்டு இழுத்தால் சுவருக்குள் இருக்கும் பழைய எல்போ விண்டுவிடும். கையோடு யூனியன் என்ற இணைப்பையும் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை பைப்பை அறுக்காமலே வால்வு கழன்று வரும். வேலை முடிந்ததும் கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்து, காற்று வெளியேற, வால்வை மெல்லத் திறங்கள். மூட்டுகளின் மேல் காய்ந்த செய்தித்தாளைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால், பிளம்பர் கிளம்புவதற்கு முன்பே அந்த மூட்டைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றிவிடலாம்.