பாதிரியார் தொடங்கிய பந்தாட்டம்

ஒரு பாதிரியாரின் கோபத்தில் உதைபந்தாட்டக் கழகம் பிறந்த கதை தெரியுமா?

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊர். அங்கே டிவர்டன் ப்ரீடி என்ற பாதிரியார் றக்பி கழகத்தோடு இருந்தவர். பெரிய வெள்ளியன்றும் ஆடுவோம் என்றார்களாம் றக்பிக்காரர்கள். சும்மா இருப்பாரா? விலகி வந்து, 1887இல் தமது புனித பேதுரு ஆலயத்தின் பெயரிலேயே உதைபந்தாட்ட அணியைத் தொடங்கிவிட்டார்! பின்னர் பார்ன்ஸ்லி கழகமான அந்த அணி, 1912இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தையே வென்று ஊருக்குக் கொண்டுவந்தது.

அதே பார்ன்ஸ்லி அணிக்காக 2023இல் களமிறங்கினார், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன் விமல் யோகநாதன். இலங்கையின் எல்கடுவயில் தேயிலைச் சரிவில் உருண்டோடிய பந்தைத் தேடி இறங்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!