விளையாட்டு மாணவருக்கு மருத்துவச் சோதனை: பில் யாருக்கு?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் பள்ளி அணியில் ஆட வேண்டுமானால், ஆடத் தகுதி உண்டு என்று மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தை முதலில் பள்ளியில் கொடுக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதற்கு ‘ஸ்போர்ட்ஸ் ஃபிசிக்கல்’ என்று பெயர். இதற்கு நாடு முழுவதற்குமான ஒரே விதி கிடையாது. மாநிலங்களும் அவற்றின் பள்ளி விளையாட்டுச் சங்கங்களும் தனித்தனியே விதி வகுத்திருக்கின்றன. பல மாநிலங்களில் ஆண்டுதோறும் சோதனை வேண்டும். டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் 7ஆம் வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியின் முதல், மூன்றாம் ஆண்டுகளிலும் கட்டாயம். பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 2023-24 கல்வியாண்டுக்குச் சொல்லும் பங்கேற்பு எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் மேல். இரண்டு விளையாட்டு ஆடுபவர் அதில் இரண்டு முறை எண்ணப்படுவார் என்றாலும், இது சிறிய எண்ணிக்கை அல்ல.

சோதனையில் என்ன பார்க்க வேண்டும் என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் விளையாட்டு மருத்துவ அமைப்புகள் சிலவும் சேர்ந்து ஒரு கையேடாக வெளியிட்டு வருகின்றன. அதன் ஐந்தாம் பதிப்பு 2019இல் வந்தது. இதயத்தைப் பொறுத்தவரை அமெரிக்க இதய சங்கம் 14 அம்சங்களைச் சொல்கிறது. மாணவரின் சொந்த வரலாறு 7, குடும்ப வரலாறு 3, உடல் பரிசோதனை 4. ஆடும்போது மயங்கி விழுந்ததுண்டா, நெருங்கிய உறவினர் யாராவது 50 வயதுக்குள் இதயக் கோளாறால் திடீரென இறந்தார்களா என்பவை அந்தக் கேள்விகளில் அடங்கும். 14இல் 10 வெறும் கேள்விகள் என்பதிலேயே எது முக்கியம் என்று தெரிந்துவிடும். அவசரத்தில் பெற்றோர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டுக் கொடுத்தால் ஸ்டெதாஸ்கோப்பால் அதை ஈடுகட்ட முடியாது.

மருத்துவத்தில் இவ்வளவு தெளிவு இருந்தும், பணம் என்று வரும்போது குழப்பம் தொடங்குகிறது. 2010இன் கட்டுப்படியாகும் மருத்துவச் சேவைச் சட்டப்படி, பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் குழந்தைகளின் தடுப்பு நலச் சோதனைகளுக்கு முழுப் பணமும் தர வேண்டும். பெற்றோர் கையிலிருந்து ஒரு டாலரும் போகக் கூடாது. 3 வயதிலிருந்து 21 வரை ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பொது நலச் சோதனை உண்டு. ஸ்போர்ட்ஸ் ஃபிசிக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளி, முகாம், வேலை, உரிமம் என்று மூன்றாவது தரப்பு ஒன்று கேட்பதற்காகச் செய்யும் சோதனைக்குப் பணம் தரமாட்டோம் என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் தனியாகவே எழுதியிருக்கும். மருத்துவர் ஒருவரே, அறை ஒன்றே, பெரும்பாலும் சோதனையும் ஒன்றே. கேட்டது யார் என்பதை வைத்துத்தான் பணம் கொடுப்பவர் மாறுகிறார்.

இந்த வேறுபாட்டைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பவை ‘கோடுகள்’ என்ற குறியீடுகள். மருத்துவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வது சிபிடி கோடு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் தொடங்கிய பட்டியல் அது. நோயாளி எதற்காக வந்தார் என்பதைச் சொல்வது ஐசிடி-10-சிஎம். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்பீட்டிடம் பணம் கோரும் கிளைம் படிவத்தில் 21ஆம் கட்டத்தில் காரணங்களும், 24ஆம் கட்டத்தில் செய்த பணிகளும் வரும். ஒவ்வொரு பணியும் எந்தக் காரணத்துக்காக என்று ஓர் எழுத்தால் சுட்டிக் காட்ட வேண்டும். பணியும் காரணமும் பொருந்தாவிட்டால் கணினியே கிளைமைத் திருப்பிவிடும்.

விளையாட்டுக்கான சோதனைக்கு உரிய காரணக் கோடு இசட்02.5. பொது நலச் சோதனைக்கு இசட்00.129, சோதனையில் ஏதாவது தட்டுப்பட்டால் இசட்00.121. இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் இசட்00 பிரிவின் தலையிலேயே, நிர்வாகத் தேவைக்கான சோதனைகள் இதில் சேராது என்ற விலக்குக் குறிப்பு இருக்கிறது. இசட்02.5 அப்படி விலக்கப்பட்டவற்றில் ஒன்று.

ஆகவே மாணவர் ஆண்டு நலச் சோதனைக்கு வரும்போதே பள்ளிப் படிவத்தையும் கொண்டுவருவதுதான் சிக்கலில்லாத வழி. 12 முதல் 17 வயது வரையுள்ள பழைய நோயாளிக்குச் சிபிடி கோடு 99394, புதிய நோயாளிக்கு 99384. மூன்று ஆண்டுகளாக அந்த மருத்துவக் குழுவில் அதே துறை மருத்துவர் யாரையும் பார்க்காதவர்தான் கணக்கில் ‘புதியவர்’. காரணம் இசட்00.129. படிவம் நிரப்புவது அந்த வருகையின் ஒரு பகுதி. அதற்குக் காப்பீட்டிடம் தனிப் பணம் கேட்க முடியாது. சில மருத்துவமனைகள் படிவத்துக்கென்று பெற்றோரிடம் சிறு தொகை வாங்குகின்றன. நலச் சோதனையோடு சேர்த்தே விளையாட்டுச் சோதனையையும் செய்யலாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் கையேடும் சொல்லும் யோசனை. இதில் பணம் மட்டும் மிச்சமாவதில்லை. மனநிலை, தூக்கம், தடுப்பூசி என்று விளையாட்டுப் படிவம் விரிவாகக் கேட்காதவற்றையும் மருத்துவர் கேட்க இடம் கிடைக்கும்.

நலச் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டால் கதை வேறு. நவம்பரில் அதை முடித்த மாணவி, அணிப் பயிற்சி தொடங்கும் ஆகஸ்டுக்கு முன்பாக ஜூலையில் படிவத்தோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய காப்பீடு காலண்டர் ஆண்டுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ஜூலையில் இன்னொரு முழு நலச் சோதனை செய்து 99394 போடலாம். 365 நாள் இடைவெளி வேண்டும் என்றால் அதே கிளைம் திரும்பி வரும். வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு நிமிடம் செலவழித்து இதைப் பார்த்துச் சொன்னால் பிறகு பல வாரத் தொல்லை மிச்சம்.

விளையாட்டுச் சோதனை மட்டும் செய்தால் இசட்02.5தான் எழுத வேண்டும். அதோடு 99212 போன்ற சாதாரண வருகைக் கோடு வைத்து அனுப்பினால் சில நிறுவனங்கள் பணம் தரும், பல மறுக்கும். அதனால்தான் பெரும்பாலான இடங்களில் கிளைமே அனுப்பாமல் ரொக்கமாக ஒரு நிலையான கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். மருந்துக்கடைச் சங்கிலிகளின் கிளினிக்குகளும் அப்படித்தான். காப்பீடு இல்லாமல் கையிலிருந்து கட்டுபவருக்கு, முன்பதிவு செய்த சேவையின் உத்தேசச் செலவை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மெடிகெய்டில், 21 வயதுக்கு உட்பட்டோருக்கு விரிவான நலச் சோதனை உண்டு. விளையாட்டுப் படிவத்தை அதோடு சேர்த்து முடித்துக்கொள்வார்கள். சில மெடிகெய்டுத் திட்டங்கள் ஸ்போர்ட்ஸ் ஃபிசிக்கலை இலவசச் சலுகையாகவே தருகின்றன. பள்ளி ஜிம்மில் வரிசையாக நிறுத்திச் செய்யும் கூட்டுச் சோதனைகளில் பெரும்பாலும் கிளைம் என்ற பேச்சே இல்லை. மலிவு, ஆனால் மாணவரின் பழைய மருத்துவ வரலாறு அங்கே யாரிடமும் இருக்காது.

சோதனையில் ஏதாவது கண்டுபிடிக்கப்படும்போதுதான் கோடிங்கில் உண்மையான வேலை இருக்கிறது. 16 வயது மாணவன் நலச் சோதனைக்கு வருகிறான். இதய ஒலியில் மர்மர் கேட்கிறது. உட்கார்ந்திருக்கும்போது மெலிதாக இருந்தது, எழுந்து நின்றதும் பலமாகிறது. இதயத் தசை தடிப்பு நோயாக இருக்குமோ என்று சந்தேகிக்க வைக்கும் அறிகுறி அது. மருத்துவர் குடும்ப வரலாற்றை மறுபடி விசாரிக்கிறார், இசிஜியும் எக்கோவும் எழுதுகிறார், இதய நிபுணரிடம் அனுப்புகிறார், படிவத்தில் ‘மேல் பரிசோதனை முடியும்வரை தகுதி இல்லை’ என்ற கட்டத்தை நிரப்புகிறார். இப்போது கிளைமில் 99394க்கு இசட்00.121, அத்துடன் மர்மருக்கு ஆர்01.1. கூடுதல் மதிப்பீடு தனியாக எழுதப்பட்டிருந்தால் சாதாரண வருகைக் கோடான 99213ஐயும் சேர்க்கலாம்; அதன் பின்னால் 25 என்ற மாடிஃபையர் வேண்டும். அதே நாளில் அதே மருத்துவர் தனித்துக் காட்டத்தக்க இன்னொரு பணியும் செய்தார் என்பது அதன் பொருள். சந்தேகப்பட்ட நோயின் பெயரை எழுதக் கூடாது. வெளிநோயாளி கோடிங்கில் உறுதியானதை மட்டுமே எழுத வேண்டும். உறுதியாகாதவரை அது மர்மர்தான்.

பெற்றோரின் கோபமும் இங்கேதான். இலவசம் என்று நம்பி வந்த வருகைக்கு 99213இன் பெயரில் நோயாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய கோபேயோ டிடக்டிபிளோ கேட்டு பில் வருகிறது. விதிப்படி அது சரி. ஆனால் இரண்டு வேலை நடந்தது என்று அறையை விட்டுக் கிளம்புமுன் யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்ற புகாரிலும் நியாயம் இருக்கிறது.

வயது 18 ஆனவரிடம் இன்னொரு பொறி உண்டு. இசட்00.129 குழந்தைகளுக்கான கோடு. 17 வயதோடு முடிந்துவிடும். பள்ளியின் கடைசி ஆண்டில் பிறந்தநாள் தாண்டியவர் குழந்தை மருத்துவரிடமே வந்தாலும் அவருக்கு 99395, காரணம் இசட்00.00. போன ஆண்டின் கோடுகளை அப்படியே நகலெடுத்தால் கிளைம் வயதுச் சோதனையில் சிக்கிக்கொள்ளும்.

இப்படிக் கோடு போட வேண்டிய மருத்துவப் பதிவுகளில் (சார்ட்டுகளில்) கணிசமானவை தமிழ்நாட்டின் வழியாகப் போகின்றன. அமெரிக்க மருத்துவமனைகளின் கோடிங், பில்லிங் வேலைகளுக்குச் சென்னை பெரிய மையம். உயிரியல், மருந்தியல், செவிலியம், பிசியோதெரபி படித்த பட்டதாரிகள் சிபிசி என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வு எழுதி இதில் சேர்கிறார்கள். கோடர் பகலில் சார்ட்டைப் படித்துக் கோடு போடுவார். பணம் வராத கிளைமுக்காக இரவுப் பணியில் அமெரிக்கக் காப்பீட்டு அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடிப்பவர் ஏஆர் காலர். 96 என்ற காரண எண்ணோடு இசட்02.5 கிளைம் திரும்பினால், ஒப்பந்தத்தில் அடங்காத சேவை என்று பொருள். அந்த எண்ணுக்கு முன்னால் பிஆர் என்று இருந்தால் பெற்றோரிடம் கேட்கலாம். சிஓ என்று இருந்தால் மருத்துவமனையே அந்தத் தொகையைக் கைவிட வேண்டும்.

திரும்பிய கிளைமில் இசட்02.5ஐ அழித்து இசட்00.129 என்று மாற்றி அனுப்பும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். சார்ட்டில் முழு நலச் சோதனை நடந்ததற்கான பதிவு இருந்தால் அது திருத்தம். இல்லாவிட்டால் பொய்க் கிளைம். அப்படி மாற்றி ஒருவேளை பணம் வந்தாலும், அந்த மாணவரின் ஆண்டு நலச் சோதனை கணக்கில் தீர்ந்துவிடும். அடுத்து அவர் உண்மையான சோதனைக்கு வரும்போது அந்தக் கிளைம் மறுக்கப்பட்டு, பில் வீட்டுக்குப் போகும்.