பெட்டி பேசுவதற்குள் நடப்பது என்ன?

டீக்கடையில் காலை நேரத்துக் குரல்களில் ஒன்று இப்போது மனிதருடையது அல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பெட்டி ‘பதினைந்து ரூபாய் பெறப்பட்டது’ என்று சொல்ல, மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த டம்ளரை ஆற்றத் தொடங்குகிறார். ஸ்கேன் செய்ததிலிருந்து பெட்டி வாய் திறக்கும்வரை ஆவது சில நொடிகள். அந்தச் சில நொடிக்குள் பணம் கொடுப்பவரின் வங்கி, வாங்குபவரின் வங்கி, இருவரின் செயலி நிறுவனங்கள், இவர்களுக்கு நடுவே நிற்கும் என்பிசிஐ என்ற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என ஐந்து தரப்புகள் பேசி முடித்துவிடுகின்றன.

முதலில் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம். க்யூஆர் குறியீடு பணத்துக்காகப் பிறந்ததே அல்ல. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994-இல் அதை உருவாக்கியது, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. அதுவரை இருந்த கோட்டுப் பட்டைக் குறியீட்டில் இருபது எழுத்துகள்வரைதான் கொள்ளும் என்பதால், ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் அலுத்துப்போயிருந்தார்கள். சதுரக் குறியீட்டில் எண்களாக மட்டும் இருந்தால் 7,089 வரை அடங்கும். மூன்று மூலைகளில் உள்ள கட்டங்களுக்கும் காரணம் உண்டு. கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறிவரும் அமைப்பு அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகவே வருகிறது என்று கண்டறிந்த பிறகே ஹாராவின் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. அதனால்தான் போனை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் கேமரா குறியீட்டை உடனே கண்டுகொள்கிறது. எண்ணெய்க் கறை படிந்த ஸ்டிக்கரும் வேலை செய்வதற்குக் காரணம், தகவலோடு சேர்த்தே எழுதப்படும் பிழைதிருத்தக் கணக்கு. உச்ச அளவில் அதை அமைத்தால் குறியீட்டில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் மீட்டுவிடலாம். பஜ்ஜிக் கடைக்கென்றே யோசித்துச் செய்ததுபோல் இருந்தாலும், ஹாரா மனதில் வைத்திருந்தது தொழிற்சாலை அழுக்கை. காப்புரிமையைக் கையில் வைத்திருந்தும் அதை வைத்துப் பயனாளிகளிடம் காசு கேட்பதில்லை என்று நிறுவனம் முடிவெடுத்தது. இன்று ஊரெல்லாம் இது ஒட்டப்பட்டிருப்பதற்கு அந்த முடிவு முக்கியக் காரணம்.

கடை ஸ்டிக்கருக்குள் என்ன இருக்கிறது? கடைக்காரரின் பெயரும், நடுவில் @ குறி கொண்ட ஒரு யுபிஐ முகவரியும். பணமோ கணக்கு எண்ணோ அதில் கிடையாது. வீட்டுச் சுவரில் எழுதிய கதவு எண் மாதிரிதான் அது. யார் படித்தாலும் வீட்டுக்காரருக்கு நட்டமில்லை.

ஸ்கேன் செய்தவர் தொகையைப் போட்டு நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண்ணை அழுத்துகிறார். இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பின் எண்ணைக் கேட்கும் திரை செயலியுடையதுபோலத் தெரிந்தாலும், அது என்பிசிஐ தரும் தனி மென்பொருள் துண்டு. எண்ணைப் போனிலேயே மறையாக்கி வங்கிக்கு அனுப்புகிறது. ஜிபேயோ போன்பேயோ அதைப் படிக்க முடியாது. என்பிசிஐ அந்த முகவரி எந்த வங்கிக் கணக்குக்கு உரியது என்று விசாரித்து, கொடுப்பவரின் வங்கியிடம் ‘கழித்துக்கொள்’ என்கிறது. அங்கிருந்து சரி என்று பதில் வந்ததும் வாங்குபவரின் வங்கியிடம் ‘வரவு வை’ என்கிறது. அதன் பிறகுதான் இரு பக்கமும் செய்தி போகிறது. வங்கிகள் தங்களுக்குள் நிஜமாகக் கணக்குத் தீர்ப்பது பிற்பாடு, ஒரு நாளில் பல சுற்றுகளாக, ரிசர்வ் வங்கி வழியே. அதுவரை ஓடியது வெறும் வாக்கு.

யுபிஐ என்ற இந்த ஏற்பாடு 2016 ஏப்ரலில் மும்பையில் அறிமுகமானது. அன்று ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர் ரகுராம் ராஜன். அந்த ஆண்டு நவம்பரில் வந்த பணமதிப்பிழப்பும், பின்னர் கொரோனாக் காலமும் அதைக் கடைவீதிக்குத் தள்ளிவிட்டன. 2023 ஆகஸ்டில் ஒரே மாதப் பரிவர்த்தனைகள் 1,000 கோடியைத் தாண்டின. இரண்டே ஆண்டில், 2025 ஆகஸ்டில், அது 2,000 கோடியைத் தாண்டியது.

நடுவழியில் இணைப்பு அறுந்தால்? ‘அண்ணே, எனக்குக் கட் ஆயிடுச்சு, உங்களுக்கு வரலையா?’ என்ற உரையாடல் பிறப்பது அப்போதுதான். ஒரு வங்கி கழித்துவிட்டது, இன்னொன்று பதில் சொல்லவில்லை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019-இல் விதி வகுத்தது. தனிநபருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கிகள் இந்த விதியைப் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை என்பதில் வியப்பில்லை.

இனி அந்தப் பெட்டி. சவுண்ட் பாக்ஸ் கடைக்காரரின் போனோடு சேர்ந்தது அல்ல. அதற்கென்று தனி சிம் உண்டு. வரவு உறுதியானதும் கட்டண நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேரே அதற்குச் செய்தி வருகிறது. இதற்கு மாத வாடகை கொடுத்தும் கடைக்காரர்கள் வாங்கி வைப்பது ஏன்? பணம் செலுத்தியதுபோலப் பச்சை டிக்கைக் காட்டும் போலிச் செயலிகளும், பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவும் ஆட்களும் பெருகியதுதான் காரணம். கூட்ட நேரத்தில் ஒவ்வொருவர் திரையையும் எட்டிப்பார்க்க முடியாது. ஈரக்கையோடு தன் போனையும் தொட முடியாது. அடுத்தவர் திரை என்ன வேண்டுமானாலும் காட்டட்டும், வரவு வந்தால்தான் பெட்டி பேசும். கடையின் ஸ்டிக்கர்மேல் வேறொரு ஸ்டிக்கரை ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிவிட்டுப் போகும் திருட்டையும் பெட்டியின் மௌனம் முதல் வியாபாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

வாடிக்கையாளரை ஏமாற்றும் வழிகள் வேறு மாதிரியானவை. பழைய கட்டிலை இணையத்தில் விற்கப் போட்டவருக்கு ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார்’ என்று அழைப்பு வரும். மேலே சொன்ன பாதையை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் இதன் பொய் தெரிந்துவிடும். கணக்கிலிருந்து கழிப்பதற்குத்தான் பின் எண் தேவை. வரவுக்கு அது எங்குமே கேட்கப்படுவதில்லை. பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியைப் பலரும் இப்படித் தவறாகப் பயன்படுத்தியதால், தனிநபர்களுக்கு இடையே அதை 2025 அக்டோபர் முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. இன்னொரு தந்திரம், குறிப்பிட்ட ஒரு குறுஞ்செய்தியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்பது. புதிய போனில் யுபிஐயைத் தொடங்கும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போய்த்தான் எண்ணும் போனும் பிணைக்கப்படுகின்றன. திருடன் கேட்பது அந்தப் பிணைப்பை. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் பேச வேண்டும். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண் கையில் இருந்தால், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று தேடி முடக்குவது எளிது.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது. பட்டன் போனிலிருந்து அழைத்து, குரல் சொல்லும்படி எண்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஆனால் டீக்கு யாரும் அப்படிக் காசு கொடுத்துப் பார்ப்பது அபூர்வம். பத்து ரூபாய்த் தாள் அதைவிட வேகமானது. சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் இன்னும் பொருத்தம். 1,000 ரூபாய் வரையிலான தொகையைப் பின் எண் இல்லாமலே செலுத்தலாம், மொத்தம் 5,000 வரை அதில் போட்டு வைக்கலாம். போன் தொலைந்தால் அந்த அளவுக்கு ஆபத்தும் உண்டு.

நாட்டு எல்லையும் தடையில்லை. 2024 பிப்ரவரியில் யுபிஐ வசதி இலங்கையில் தொடங்கப்பட்டது. கொழும்புக்குப் போகும் இந்தியப் பயணி அங்குள்ள லங்கா க்யூஆரைத் தன் செயலியிலேயே ஸ்கேன் செய்து இந்திய ரூபாயில் கட்டலாம்.

இத்தனைக்கும் யார் செலவு செய்கிறார்கள்? 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் யுபிஐக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் விதி. சர்வர்கள், மோசடிக் கண்காணிப்பு என வங்கிகளுக்கும் செயலி நிறுவனங்களுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை மட்டும் அரசு ஊக்கத்தொகையாகத் தருகிறது. மீதியை ஈடுகட்டவே செயலிகள் கடன் விளம்பரத்தையும் காப்பீட்டையும் முகப்பில் நிரப்புகின்றன. பெட்டி வாடகையும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. இந்தச் செலவை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025-இல் வெளிப்படையாகவே பேசினார். பெரிய வணிகர்களிடம் மட்டும் கட்டணம் வாங்கலாம் என்பது கட்டண நிறுவனங்களின் யோசனை. டீக்கடை அந்தப் பட்டியலில் இருக்கப்போவதில்லை.