உங்களுக்குத் தெரியுமா? கணைய நீர் தமனியையும் அரிக்கும்!

கணையம் சுரக்கும் நீர் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கவல்லது. கணைய அழற்சியிலோ, அறுவைக்குப்பின் கணையத்தைக் குடலோடு தைத்த இடம் விட்டுப்போனாலோ அந்த நீர் கசிந்து, பக்கத்துத் தமனியின் சுவரை அரித்துவிடும். அரித்த இடத்தில் இரத்தம் பைபோலத் தேங்கும். இதுவே ‘போலித் தமனி வீக்கம்’. கணைய அழற்சியில் அதிகம் சிக்குவது மண்ணீரல் தமனி. கணையத்தை ஒட்டியே ஓடுவதுதான் காரணம்.

கணையத் தலையை அகற்றும் ‘விப்பிள்’ அறுவைக்குப்பின், நோயாளி தேறிவரும் நாட்களில்கூட இது நேரலாம். வடிகுழாயில் சிறிது இரத்தம், கொஞ்சம் இரத்த வாந்தி, கறுத்த மலம். பிறகு தானாகவே நின்றுவிடும். நின்றதே என்று யாரும் நிம்மதியடைந்துவிடக் கூடாது! சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிரைப் பறிக்கும் இரத்தப்பெருக்கு வருவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இப்போது பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதில்லை. தொடை இடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் இடத்தை உலோகச் சுருளால் அடைக்கிறார்கள். கல்லீரலுக்குப் போகும் இரத்தம் தடைபடக் கூடாது என்றால், உறையிட்ட ஸ்டென்ட் பொருத்துவதும் உண்டு.

அரிதாக, இரத்தம் கணைய நாளம் வழியே சிறுகுடலில் இறங்கும். சுவீடன் அறுவை மருத்துவர் பிலிப் சாண்ட்புளோம் 1970-இல் இதற்குப் பெயரிட்டார். விட்டுவிட்டுக் கசிவதால் எண்டோஸ்கோப்பியிலும் இது எளிதில் தப்பிவிடும்.