சாளேஸ்வரமும் ஸ்டியரிங்கும்

ஆந்திராவின் நகரியில் விசைத்தறி ஓடும் தெருவில் ரகசியம் பேச முடியாது. எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஏகாம்பரகுப்பம், சத்ரவாடா என்று பக்கத்தில் எங்கே போனாலும் இதே கதைதான். கரண்ட் போனால்தான் ஊருக்குத் தன் குரலே கேட்கும். இந்தத் தெருக்களில் பிறந்த பலருக்கு வேலை என்றால் தறி. வேறு யோசனை வருவதற்குள் வயது நாற்பதைத் தொட்டுவிடும்.

நாற்பது தாண்டிய தறிக்காரரை முதலில் கைவிடுவது கையோ காலோ அல்ல, கண். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். சாளேஸ்வரம் வந்தவருக்கு அந்த நுனி தெரியாது. தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தால் தெரியும். அந்தத் தூரத்தில் கை எட்டாது. கண்ணாடி போடலாம்தான். பஞ்சுத் தூசியில் நாள் முழுக்கக் கண்ணாடியோடு நின்றவர்களிடம் அதன் சுகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

தறியை விட்டு லாரி ஓட்டப் போகிறவரிடம் சாலை கேட்பதோ வேறு பார்வை. சரக்கு வண்டி ஓட்ட உரிமம் கேட்பவர் டாக்டரிடம் வாங்கித் தர வேண்டிய சான்றிதழுக்குப் 'படிவம் 1ஏ' என்று பெயர். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. நிறக்குருடு உண்டா என்று இன்னொரு கேள்வி. சாயம் தோய்த்த நூலோடு வளர்ந்தவரிடம் போய் இதைக் கேட்கிறார்கள்! மாலைக்கண் உண்டா என்றும் கேட்பார்கள். இழை நுனி தெரியாத அதே கண்ணுக்கு முன்னால் போகும் லாரியின் நம்பர் பளிச்சென்று தெரியும். தறி தள்ளிவிட்ட கண்ணைச் சாலை ஏற்றுக்கொள்கிறது. "இந்த வயசுல லாரி எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் பதில் இந்தப் படிவம்தான்.

காது விஷயம் அவ்வளவு சுலபமில்லை. படிவம் அதையும் விடுவதில்லை. சாதாரண ஒலி எச்சரிக்கைகளைக் கேட்க முடியாத அளவுக்குச் செவிக்குறை இருக்கிறதா என்று கேட்கிறது. வருடக்கணக்கில் இரைச்சலில் நிற்பவரிடமிருந்து முதலில் பறிபோவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள். இருபது வருஷம் தறியடியில் நின்றவருக்கு விசில் சத்தம் மங்கலாகக் கேட்கலாம். அவருக்கே அது தெரியாது, ஏனென்றால் தெருவே கத்திப் பேசுகிறது. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனரின் விசிலும், பாடியில் அவர் தட்டும் தட்டும்தான் டிரைவருக்குப் பின்பக்கக் கண். உரிமத்துக்குப் போகும் முன் காதை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. டாக்டர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

சட்டத்தில் வயதுக்கு மேல் வரம்பு கிடையாது. கீழ் வரம்புதான் உண்டு, அது 20 வயது. இலகுரக வண்டி உரிமம் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் கனரக வண்டிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். முன்பு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. சின்ன வயதிலேயே தார் சுற்ற உட்கார்ந்துவிட்டவர்கள் பலர் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றார்கள். 2019-ல் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பலகையைப் படிக்காமல் நெடுஞ்சாலையில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி என்பது 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி. அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. நகரிக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில், தமிழ்நாட்டுப் பக்கம் கும்மிடிப்பூண்டியில், சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. தென்னாட்டில் லாரி என்றாலே நாமக்கல். அங்கேயும் அசோக் லேலண்டின் பயிற்சிப் பள்ளி உண்டு.

ஆனால் நாற்பத்தைந்து வயதில் நேராகப் பெரிய வண்டியில் ஏறத்தான் வேண்டுமா?

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக வண்டி உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம். தனியாகப் போக்குவரத்து அனுமதி குத்தி வாங்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். விபத்து நேர்ந்தால் 'டிரைவரிடம் சரியான உரிமம் இல்லை' என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்த வழக்குகளிலிருந்து கிளம்பிய விவகாரம் அது. நடுவயதுக்காரர் பார்வையில் பார்த்தால், பேட்ஜ் என்ற கதவு இந்த அளவு வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. கார் ஓட்டத் தெரிந்தவர் நாளைக்கே ஒரு குட்டி யானையில் ஏறலாம். டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அந்தப் பெயர் விளையாட்டாகத்தான் ஒட்டியது. இப்போது ஊரில் பாதிப் பேருக்கு டாடா ஏஸ் என்றால் தெரியாது, குட்டி யானை என்றால் தெரியும்.

நகரிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஊர் அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிப் பக்கம் போகும் நெடுஞ்சாலை நகரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. திருத்தணி போகிற வழியில் பொன்பாடி சோதனைச்சாவடி. பள்ளிப்பட்டுக்குப் போனால் அதுவும் தமிழ்நாடு. 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது நகரி சித்தூரோடு இருந்தது, அடுத்த ஊரான புத்தூர் திருப்பதி மாவட்டமானது. டீ குடிக்கப் போகிற தூரத்தில் ஒரு மாநிலமும் இன்னொரு மாவட்டமும். (இந்தியாவின் நீளமான பெயர்களில் ஒன்றைக் கொண்டது என்று புகழ்பெற்ற வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை ரயில் நிலையமும் இந்த வழியில்தான். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நகரி வந்துவிடும் என்பது உள்ளூர்க் கிண்டல்.) 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வரிக் கணக்கு வேறு. அண்டை மாநிலத்துக்குள் அடிக்கடி போய்வருகிறவர் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதோடு பாஷை. நகரிக்காரர் தெலுங்கில் 'அன்னா' என்று ஆரம்பித்துத் தமிழில் 'அண்ணே' என்று முடிப்பார். திருத்தணி மார்க்கெட்டிலும் ரேணிகுண்டா கோடவுனிலும் அவர் வெளியூர்க்காரர் அல்ல. லோடு பிடிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது. துணிப் பொதி, நூல் மூட்டை, காய்கறி, சிமெண்ட், கல்யாண வீட்டு நாற்காலி எதுவானாலும் காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்பக்கூடிய ஓட்டம். நடுவயதில் தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்தச் சின்ன வட்டத்தைத்தான். பம்பாய், கல்கத்தா லைன் எங்கேயும் ஓடிப் போய்விடாது.

பெரிய வண்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு வேறொரு கஷ்டம் காத்திருக்கிறது. அது ஓட்டக் கற்பதில் இல்லை. உரிமம் கையில் வந்ததும் எந்த முதலாளியும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். 2018-ல் எடை வரம்பைக் கூட்டிய பிறகு ஆறு சக்கர லாரிக்கே மொத்த எடை 18.5 டன், பத்துச் சக்கரத்துக்கு 28.5 டன். அத்தனை கனம் எங்கே நிற்கும், இறக்கத்தில் எந்த கியரில் போக வேண்டும் என்பதெல்லாம் பக்கத்து சீட்டில் கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்தால்தான் உடம்பில் ஏறும். அதாவது கிளீனராகப் போக வேண்டும். நாற்பத்தைந்து வயது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். வண்டியில் டிரைவருக்கு வயது இருபத்தெட்டு. டீக்கடையில் அவனை 'தம்பி' என்று கூப்பிட்டவர், வண்டியில் ஏறியதும் 'டிரைவரே' என்கிறார். அவனோ, "மாமா, பின்னாடி போய்ப் பாருங்க, கயிறு தளர்ந்திருக்கு" என்கிறான். மரியாதையோடுதான் சொல்கிறான். ஆனாலும் இறங்கிப் போய் தார்ப்பாய் கயிற்றை இழுத்துக் கட்டும்போது, தறிக்கூடத்தில் நான்கு பேருக்கு வேலை சொன்ன மனுஷனுக்கு ஏதோ தொண்டையில் நிற்கும். இந்தக் கொஞ்ச காலத்தை விழுங்கத் தெரிந்தவர்தான் தேறுவார். பாதியில் விட்டுவிட்டுத் தறிக்குத் திரும்பியவர்களிடம் கேட்டால் முதுகு வலி என்பார்கள். எல்லாருக்கும் முதுகுதான் காரணம் என்று நான் நம்பவில்லை.

ஒரு விஷயத்தில் வயது கைகொடுக்கும். அது காத்திருப்பது. லாரித் தொழிலில் பாதி நேரம் வண்டி நிற்கும். சித்தூர்ப் பக்கம் தோதாபுரி மாம்பழப் பருவத்தில் பழக்கூழ் ஆலைகளின் வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டிராக்டரும் லாரியுமாக வரிசை நிற்கும், பழம் பழுத்துக்கொண்டே இருக்கும், கேட் திறக்காது. 2025 பருவத்தில் விளைச்சல் குவிந்து விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஜூனில் வெளிமாநிலத் தோதாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டு எல்லையில் ஆட்களை நிறுத்தினார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. விவசாயி கண்ணீரைப் பத்திரிகைகள் எழுதின, எழுதத்தான் வேண்டும். வரிசையில் ஸ்டியரிங் மேல் தலை வைத்துக் கிடந்தவருக்கு ஓடினால்தான் பேட்டா, நின்றால் இல்லை. இளரத்தம் இந்த இடத்தில் சண்டைக்குப் போகும். நாற்பத்தைந்து வயது துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுக்கும்.

ராத்திரி வேறு சமாச்சாரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்துவிட்டது. நெடுந்தூர லைனில் அதைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடிக்கிற டிரைவரை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே கண் தானாக மூடும். அது இளைஞனுக்கும் மூடும். ஆனால் அவன் மறுநாள் தூங்கி ஈடு கட்டிக்கொள்வான். சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்குத் தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நைட் ஷிப்ட் பார்த்த தறிக்காரருக்குக் கண்விழித்துப் பழக்கம் உண்டு. அந்தத் தைரியம்தான் ஆபத்து. தூங்கி விழுந்தால் தறியில் துணி கெடும், சாலையில் அப்படியில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் புதிதாகச் சேர்கிற டிரைவர் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய வண்டி. எனவே சித்திரை வெயில் சித்திரை வெயிலாகவே இருக்கும்.

விபத்துப் பயமும் சேர்ந்துகொள்கிறது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, ஆளை மோதிச் சாகடித்துவிட்டுப் போலீசிடம் சொல்லாமல் ஓடுகிறவருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் போராடியது அதற்காகத்தான். அந்த ஜூலையில் சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் பிடிக்கும் என்பது டிரைவர்கள் சொன்ன நியாயம். வீட்டில் மனைவி கேட்கிற முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாகக் காசு. பழைய லாரி வாங்குகிற டிரைவருக்கு வங்கி கடன் தராத காலத்தில், சென்னையில் ஆர். தியாகராஜன் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம் 1979-ல் அதற்கென்றே ஒரு நிறுவனம் ஆரம்பித்தது. அடமானக் காகிதத்தைவிட ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். டிரைவர் முதலாளியானது அந்த வழியில்தான். இன்று முத்ரா உட்பட வழிகள் பல. வழி இருப்பதால் உடனே போய்விட வேண்டியதில்லை. முதல் வருடம் சொந்த வண்டி வேண்டாம் என்பேன். தறியை விற்ற பணம் கையில் இருக்கும்போது, செகண்ட் ஹேண்டில் நல்ல வண்டி இருக்கிறது என்று சொல்ல ஊரில் நாலு பேர் வருவார்கள். அடுத்தவர் வண்டியில் ஒரு எஃப்.சி., ஒரு இன்சூரன்ஸ், ஒரு செட் டயர், ஒரு மழைக்காலம் பார்க்கட்டும். டீசல் போக மிஞ்சுவது எவ்வளவு என்று தன் கையால் நோட்டில் எழுதட்டும். எழுதும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். எழுத்து கிட்டத்தில் இருக்கிறது.