ஊதியத்தைக் குறைப்பது வருமான வரியன்று

வளாக நேர்காணலில் தேர்வான முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு 'ஆண்டுக்கு 6 லட்சம்' எனப் பணி ஆணை வருகிறது. மாதம் 50,000 ரூபாய் எனக் குடும்பம் கணக்கிடுகிறது. கல்விக் கடன் தவணையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அந்த எண்ணை நம்பியே திட்டமிடப்படுகின்றன. முதல் மாதம் வங்கியில் 40,000 மட்டும் வந்து சேரும்போது, 'வரியில் போய்விட்டது' எனத் தேற்றிக்கொள்கிறார்கள். உண்மையில் வருமான வரியாக ஒரு ரூபாயும் போகவில்லை.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ஊதியம் பெறுவோருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. எஞ்சும் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், தள்ளுபடியின் மூலம் வரி முழுவதும் நீங்கிவிடும்.

அப்படியானால் 10,000 ரூபாய் எங்கே? ஆணையில் கண்ட 6 லட்சம் ஊதியமே அன்று. ஒருவரைப் பணியில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. 'சி.டி.சி.' என்பது அதுதான். அடிப்படை ஊதியம் 25,000 எனக் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, 15,000 என்ற வரம்பின் மீது 12 விழுக்காடாக, 1,800. பணிக்கொடைக்கென 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 1,200. நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்தாண்டுப் பணிக்குப் பின்னரே இது கிட்டும். 'செயல்திறன் ஊதியம்' ஆண்டுக்கு 60,000 என்றால் மாதத்துக்கு 5,000, வந்தால்தான் உறுதி. இவை போக 42,000. அதில் பணியாளரின் வைப்பு நிதிப் பங்கு 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200. மிஞ்சுவது 40,000.

வரம்பைக் கருதாமல் முழு அடிப்படை ஊதியத்துக்கும் வைப்பு நிதி பிடித்தால் இருபக்கமும் 3,000 ஆகி, கைக்கு வருவது மேலும் 2,400 குறையும். அது சேமிப்புதான், ஆனால் கடன் தவணைக்கு உதவாது. ஆகவே கையெழுத்திடும் முன் கேட்கவேண்டியது ஆண்டுத் தொகையை அன்று, நிலையான மாத ஊதியத்தை. கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நம் பிள்ளைகளுக்கே அதிகம்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரிடம் இதே கணக்கு அப்பட்டமான திருட்டாகிறது. பேசிய ஊதியம் 15,000 எனில், வைப்பு நிதிக்கு 1,800, ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடாக 113 போக, 13,087 கைக்கு வரவேண்டும். ஒப்பந்ததாரர் தம் பங்கான 1,800ஐயும் ஈ.எஸ்.ஐ. 488ஐயும் சேர்த்தே பிடித்தால் 10,799தான் மிஞ்சும். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிப்பதை 1952ஆம் ஆண்டின் வைப்பு நிதித் திட்டத்தின் 31ஆம் பத்தி தடைசெய்கிறது. எதிரான ஒப்பந்தம் இருந்தாலும் செல்லாது.

சரிபார்க்க வைப்பு நிதிக் கணக்கேட்டை இணையத்தில் திறந்தால் போதும். 15,000 ஊதியத்துக்கு மாதந்தோறும் மூன்று எண்கள் தெரியவேண்டும்: தொழிலாளியின் பங்கு 1,800, முதலாளியின் பங்கில் வைப்பு நிதிக்கு 550, ஓய்வூதியத்துக்கு 1,250. ஊதியத்தில் பிடித்தபின்னும் அவை பதிவாகாவிட்டால், ஊதியச் சீட்டுடன் வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம்.